பாசார் ரோட்டில் ஒரு வயர் கடை

கோலாலம்பூரில் சாலிடரிங் அயர்ன் பிடித்த எல்லோருக்கும் புடு பக்கம் இருக்கிற பாசார் ரோடு தெரியும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். அதில் ஒரு சின்னக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம், கூட்டம் வந்தால் சமாளிக்க ஆள் இல்லை என்று கடைக்கார அங்கிள் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

நானும் மச்சானும் ராவாங்கில் ஒரு கொட்டகையில், கிட் வாங்கி இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், 100 குதிரைசக்தி. தகரமும் ரிவெட்டும் அவர் வேலை, வயரிங் என் பொறுப்பு. 20 வருஷமாக லாரி வயரிங் பார்க்கிறேன்.

முதல் தடவை இன்ஜினை ஓடவிட்டபோது இரண்டு பக்கத்து எக்ஸாஸ்ட் சூடும் சமமாகத்தான் ஏறியது. இன்ஜின் அறை சூடாக ஆக, இடது பக்கம் மட்டும் பின்தங்கி, கடைசியில் 30 டிகிரி குறைவாகக் காட்டியது. அந்தப் பக்கத்து கார்புரேட்டரைக் கழற்ற மச்சான் ஸ்பேனரை எடுத்துவிட்டார். எனக்கு என் ஒட்டு மேல்தான் சந்தேகம். எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கிற இடது பக்க ப்ரோபின் வயர் எட்டாததால் செம்பு வயரால் நீட்டியிருந்தேன். எந்த வயரும் போதும் என்று வேறொரு கடையில் சொன்னதை நம்பிவிட்டேன்.

அங்கிளிடம் சொன்னதும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அந்த ப்ரோப் கே டைப் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்துச் சூட்டை அளப்பது. அதில் டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் பிறக்கும். நடுவில் செம்பு வந்தால் அளவு அந்த ஒட்டோடு நின்றுவிடும். ஒட்டு இருக்கும் இடம் 60 டிகிரி, சூட்டைக் காட்டுகிற மானிட்டர் பெட்டி இருக்கும் இடம் 30 டிகிரி என்றால், அந்த வித்தியாசம் முழுக்கக் கணக்கில் விட்டுப்போகும். என் 30 டிகிரி அப்படியே வந்துவிட்டது!

பிறகு கே டைப் வயர் ரோலை எடுத்து, தோலை உரித்து, மேசை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார். மஞ்சள் கம்பி அசையவில்லை. சிவப்புக் கம்பி டக்கென்று ஒட்டியது. காந்தத்தில் ஒட்டுவது அலுமெல் என்கிற நிக்கல் கலவை, அதுதான் நெகட்டிவ். அமெரிக்க நிறக் குறியீட்டில் தெர்மோகப்பிளுக்குச் சிவப்பு நெகட்டிவ்! லாரியில் சிவப்பைப் பார்த்தால் பாசிட்டிவ் என்று கை தானாகப் போகும். அந்தக் காந்தம் மட்டும் இல்லையென்றால் நான் மாற்றித்தான் மாட்டியிருப்பேன்.

மானிட்டர் பெட்டிக்குப் போகிற 37 பின் கனெக்டருக்கு கடைந்தெடுத்த பின்களும், சாலிடர் இல்லாமல் பின்னை வயரோடு சேர்த்து நாலு பக்கமும் அமுக்குகிற கிரிம்பரும் அங்கேயே கிடைத்தன. கிரிம்பர் விலை மலிவில்லை, ஆனால் யோசிக்காமல் வாங்குங்கள். சாலிடர் போட்டால் ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது நிற்கிற இடத்தில் வயர் விறைத்துவிடும். இன்ஜின் அதிர்வில் அந்த இடத்தில்தான் முறியும். அங்கிள் என்னையே ஒரு பின்னைக் கிரிம்ப் பண்ணச் சொல்லி, இழுத்துப் பார்த்து, பிறகு குறுக்கே வெட்டி லென்ஸில் காட்டினார். இழைகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் ஒரே கட்டியாக இருந்தது. இவ்வளவு பொறுமையாக ஒரு கடைக்காரர் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. 150 டிகிரி தாங்குகிற, டெஃப்செல் உறை போட்ட வயர் அவரிடம் இல்லை, இருப்பது பிவிசிதான். இன்ஜின் பக்கம் பிவிசி போடாதீர்கள். சூடு தாங்காது, எரிந்தால் வரும் புகையும் ஆபத்து. அந்த வயரை அமெரிக்காவிலிருந்து ஏர்கிராஃப்ட் ஸ்புரூஸ் என்ற விமானச் சாமான் கடையில்தான் வரவழைத்தேன். சூடு காட்டினால் சுருங்கி வயரைப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாயும் பெரிய அளவுகளில் அடிக்கடி தீர்ந்துவிடுகிறது. காரில் போனால் பார்க்கிங் தேடியே பாதி நேரம் போய்விடும், புடு எல்ஆர்டியில் இறங்கி நடப்பது சுலபம்.

போன சனிக்கிழமை புது வயர் போட்டு மறுபடி ஓடவிட்டோம். நன்றாகச் சூடான பிறகும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 5 டிகிரிக்குள் நின்றது. மச்சான் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. அடுத்து ஆயில் பிரஷர் சென்சார். அதற்கு வேண்டிய கனெக்டரை அங்கிள் எடுத்து வைத்திருக்கிறார், வருகிற வாரம் போய் வாங்க வேண்டும்.