மணலி யூரியாவும் மண்புழு உரமும்: நெல் வயலுக்கு எது, எவ்வளவு?

மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை யூரியா தயாரிக்கிறது. மாதவரத்து மாட்டுத் தொழுவங்களில் மண்புழு உரத்துக்கு மூலப்பொருளான சாணம் கிடைக்கிறது. சற்று வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற பட்டங்களில் நெல் விளைகிறது. எனவே இரண்டில் எதை இடுவது என்ற விவாதம் வட சென்னைக்குப் புதியதல்ல.

முதலில் தழைச்சத்துக் (நைட்ரஜன்) கணக்கு. குறுகிய கால நெல்லுக்கான பரிந்துரை ஏக்கருக்குச் சுமார் 48 கிலோ. 46 விழுக்காடு தழைச்சத்துள்ள 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 20.7 கிலோ தருவதால், இரண்டேகால் மூட்டைக்குச் சற்று மேல் போதும். மண்புழு உரத்தில் 1.5 விழுக்காடு இருப்பதாகக் கொண்டால், அதே அளவுக்கு 3.2 டன் வேண்டும். அதிலும் முழுச் சத்தும் ஒரே போகத்தில் பயிருக்குக் கிடைத்துவிடாது. மண்புழு உரத்தை மட்டும் நம்பி வழக்கமான மகசூலை எதிர்பார்ப்பவர் இந்த எடையைச் சுமக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஆனால் யூரியா மண்ணுக்குக் கரிமப்பொருள் எதையும் சேர்ப்பதில்லை. தேங்கிய நீரில் தூவும் யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது; இன்னொரு பகுதி நைட்ரேட்டாக மாறி, காற்றில்லாத சேற்றில் வாயுவாகி வெளியேறுகிறது. அதனால்தான் அதை அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும் பிரித்து இடச் சொல்கிறார்கள். மட்கிய மண்புழு உரமோ அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும் திறனை மண்ணுக்குக் கூட்டுகிறது. அதாவது, போட்டியாளர் என்று கருதப்படுவதே யூரியாவின் வீணாதலைக் குறைக்க உதவுகிறது. மட்காத சாணத்தையும் வைக்கோலையும் இட்டால், அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ள, நடவுப்பயிர் வெளிறும்.

உரத்துடன் புழுக்களையும் வாங்கி வயலில் விடுவோர் உண்டு, அது பணவிரயம். உரத் தொட்டியில் வளர்பவை மேல்மட்டக் குப்பையில் வாழும் இனங்கள், நீர் கட்டிய சேற்றில் அவை நிலைக்க மாட்டா.

என் கணிப்பில், மண்புழு உரத்துக்கு உண்மையான போட்டி யூரியா அன்று, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டுதான். கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவியுள்ள மீஞ்சூர்ப் பகுதியில், உவரைத் தாங்கி வளரும் அச்செடியை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது பெரும் பரப்புக்கு மலிவு. ஆனால் அதற்கு ஆறேழு வாரமும் தண்ணீரும் தேவை. நவரைக்கும் சொர்ணவாரிக்கும் இடையே அவ்வளவு அவகாசம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

அவகாசம் இல்லாத போகத்தில், கையிலுள்ள மண்புழு உரத்தை முதலில் ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்காலுக்கும், மிச்சத்தைக் கடைசி உழவில் அடியுரமாகவும் இடலாம். ஏக்கருக்கு 800 கிலோ இட்டால் தழைச்சத்தில் கால் பங்கு கணக்கில் சேரும். அதற்கு மேல் யூரியாவை முதல் போகத்திலேயே குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) மண் பரிசோதனைப்படி இட வேண்டும். தரம் பிரிக்காத நகரக் குப்பையிலிருந்து வந்த உரமானால் கண்ணாடித் துண்டும் கன உலோகமும் இருக்கக்கூடும். மூலப்பொருள் என்ன என்று விற்பவரிடம் கேளுங்கள். எடை போட்டு விற்கும் உரத்தைக் கையில் அள்ளிப் பிழியும்போது நீர் சொட்டினால், விலையைக் குறைத்துக் கேட்பதே முறை.