பகடை விழுந்த பிறகுதான் ஆட்டம்: டைசி டஞ்சன்ஸ்

டைசி டஞ்சன்ஸ் என்ற கணினி விளையாட்டில் முதலில் கிடைக்கும் ஆள் போர்வீரன். கையில் ஒரு வாள். பகடையில் ஆறு விழுந்து அதை வாளில் போட்டால் எதிரிக்கு ஆறு அடி, ஒன்று விழுந்தால் ஒரே அடி. இவ்வளவுதானா என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே போனதும் ஒரு போர்க்கோடரி கையில் வந்து சேரலாம். அது போட்ட எண்ணைப்போல் இரண்டு மடங்கு அடிக்கும், ஆனால் நாலுக்கு மேல் எந்த எண்ணையும் ஏற்காது. நாலு விழுந்தால் எட்டு அடி. ஆறு விழுந்தாலோ கோடரி சும்மா கிடக்கும். பெரிய எண் விழுந்தால் நல்லது என்று சின்ன வயதிலிருந்து பழகிய கணக்கு அந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனது அங்கேதான்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம். செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி வேலை. குலை ஏற்றிய லாரிகளுக்கு நாள் முழுக்க எண் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் கனமான விளையாட்டு எதுவும் தலையில் ஏறாது. என் மடிக்கணினியும் ஈப்போவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பெரிய ஆட்டங்களைத் தாங்காது. டைசி டஞ்சன்ஸ் அதில் எந்தச் சிரமமும் இல்லாமல் ஓடுகிறது. ஒரு சுற்று அரை மணி நேரம், சில நாள் கொஞ்சம் கூட. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் அழகாக அடங்கிவிடும்.

உருவாக்கியவர் அயர்லாந்துக்காரர் டெர்ரி கவானா. 2010இல் வந்த விவிவிவிவிவி, 2012இல் வந்த சூப்பர் ஹெக்ஸகன் இரண்டும் அவருடையவை. இது 2019 ஆகஸ்டில் கணினிக்கு வந்தது. படங்கள் மார்லோ டாபி வரைந்தவை, இசை சிப்செல். பழைய வீடியோ கேம் ஒலியை வைத்தே சிப்செல் இசையமைத்திருக்கிறார். சண்டை தொடங்கும்போது அந்தத் தாளம் ஏறுவதைக் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே கால் ஆடும்.

கதை ஒரு தொலைக்காட்சிப் போட்டி. நடத்துபவள் லேடி லக், அதாவது அதிர்ஷ்ட தேவதை. போட்டிக்கு வருகிறவர்களை அவள் நடக்கும் பகடைகளாக மாற்றி நிலவறைக்குள் அனுப்புகிறாள். ஒவ்வொரு தளமாக இறங்கி, வழியில் எதிரிகளைச் சமாளித்து, ஆறாவது தளத்தில் பெரிய எதிரியை வீழ்த்த வேண்டும். எந்த எதிரி எங்கே நிற்கிறது, ஆப்பிள் எங்கே கிடக்கிறது, கடை எங்கே என்பதெல்லாம் வரைபடத்திலேயே தெரியும். ஆப்பிள் தின்றால் உயிர் கூடும். யாரோடு முதலில் மோதுவது, ஆப்பிளை இப்போதே எடுப்பதா அடிபட்ட பிறகு எடுப்பதா என்று யோசிக்க நமக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

நிலவறை ஆட்டங்களின் பெரிய தாத்தா 1980இல் வந்த ரோக். அதில் எதிரியை அடிக்கிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் கணினி உள்ளுக்குள்ளே பகடை உருட்டும். அடி படலாம், தவறலாம். முடிவு நம்முடையது, அதற்குப் பிறகு வருவது அதிர்ஷ்டம். டைசி டஞ்சன்ஸ் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. பகடைகள் முதலிலேயே விழுந்து கண்முன் கிடக்கின்றன, எதை எதில் போடுவது என்பது அதன் பிறகு. கெட்ட எண் விழலாம். ஆனால் நாம் யோசித்து எடுத்த முடிவை அது கெடுக்காது. அதிர்ஷ்டத்தை வைத்து ஆடும் ஆட்டத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்து லயத்தில் பாட்டிகள் ஆடிய தாயமும் இதே வழிதான். கட்டையை உருட்டி எண் விழுந்த பிறகுதான் எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, யாரை விட்டுவைப்பது என்ற பேச்சே தொடங்கும். தாயம் விழாமல் காய் இறங்காது, அது வேறு கஷ்டம். ஆனாலும் நல்லா ஆடுகிற பாட்டி கெட்ட எண்களை வைத்துக்கொண்டே ஜெயிப்பார். டைசி டஞ்சன்ஸில் கை பழகியவர்களும் அப்படித்தான் ஜெயிக்கிறார்கள்.

மொத்தம் ஆறு ஆட்டக்காரர்கள். எனக்கு மிகவும் பிடித்தவள் திருடி. அவளுடைய குத்துவாள் மூன்றுக்கு மேல் ஏற்காது, ஆனால் ஒரே முறையில் எத்தனை பகடை வேண்டுமானாலும் அடுத்தடுத்துப் போடலாம். கூடவே பூட்டுத் திறக்கும் கம்பி ஒன்று உண்டு. பெரிய எண் விழுந்த பகடையை அதில் போட்டால் இரண்டு சின்னப் பகடைகளாக உடையும். போர்வீரன் சீ என்று தள்ளும் ஒன்றும் இரண்டும் அவளுக்குச் சொத்து. ஒவ்வொரு முறையும் எதிரியின் ஆயுதம் ஏதாவது ஒன்றையும் கடன் வாங்கிக்கொள்வாள். ஆள் மாறியதும் எண்களின் மதிப்பே மாறிவிடுகிறது. இத்தனை சின்ன ஆட்டத்தில் இதைச் செய்து காட்டியது பெரிய திறமை.

மந்திரக்காரிக்கு ஆறு எண்ணுக்கும் இடமுள்ள ஒரு மந்திரப் புத்தகம். ஒரு பகடையைச் செலவழித்து மந்திரத்தை வெளியே எடுக்க வேண்டும், அப்புறம் இன்னொரு பகடையைப் போட்டு ஏவ வேண்டும். மெதுவாகத்தான் பிடிபடும். கண்டுபிடிப்பாளர் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தன் ஆயுதம் ஒன்றை உடைத்து ஒரு கருவி செய்தாக வேண்டும். நன்றாகப் பழகிய ஆயுதத்தை உடைக்கும்போது மனசு கேட்காது. கோமாளியின் ஆட்டம் சீட்டுக்கட்டு. அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ரோபோ தனிக் கதை. பகடைகள் மொத்தமாக வராது, பொத்தானை அமுக்க அமுக்க ஒன்றொன்றாக வரும். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த முறை ஆயுதங்கள் எல்லாம் முடங்கிவிடும். எல்லையைச் சரியாகத் தொட்டால் கூடுதல் பரிசு. அண்ணன் மகன் இரண்டாம் படிவத்தில் படிக்கிறான். அவனுக்கு ரோபோதான் உயிர்.

"இன்னும் ஒன்னு அமுக்குங்க அத்தை, மூனு வந்தா ஜாக்பாட்!"

"மூனு வராட்டி?"

"வரும் அத்தை, அமுக்குங்க!"

ஆறு பேரில் ரோபோவிடம்தான் முடிவுக்குப் பிறகு வரும் அதிர்ஷ்டம் அதிகம். நான் ரோபோவை விரும்பாததற்கு அதுதான் காரணம். அவன் விரும்புவதற்கும் அதேதான். இருந்தாலும் மூன்று விழ ஆறில் ஒரு வாய்ப்பு என்பதை அவன் இப்போது தாளில் எழுதிப் பார்க்கிறான். பள்ளிக்கூடக் கணக்கில் நிகழ்தகவு பாடம் வரும்போது அவனுக்குப் பயம் இருக்காது.

இதை நான் மனதார வரவேற்கிறேன். எங்கள் ஊரில் சம்பளம் வந்ததும் நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போகிறவர்கள் நிறைய. கனவில் வந்த எண், விபத்துக்குள்ளான காரின் எண் என்று நம்பிப் போடுகிறார்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், அதில் முதல் பரிசு ஒன்றே ஒன்று. எண்ணைக் கொடுத்த பிறகு நம் கையில் எதுவும் இல்லை. டைசி டஞ்சன்ஸில் ஒரு பயணத்தை வென்றவர் பரிசுச் சக்கரத்தைச் சுழற்றுவார். கேட்டது கிடைக்காது. லேடி லக் வேறு எதையோ கொடுத்துவிட்டு இன்னொரு தடவை ஆட அழைப்பாள். சக்கரம் யாருடையது என்று பையனே கேட்டான். சீட்டு வாங்காதே என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அந்தக் கேள்வி அவனுக்குள் வந்திருக்காது.

குறைகளும் உண்டு. பிந்திய அத்தியாயங்களில் விதிகள் மாறி எதிரிகள் கடுமையாகிறார்கள். அங்கே சில சண்டைகளில் என்ன யோசித்தும் பயனில்லை. எதிரி பகடையை உறைய வைத்தால் அது ஒன்றாகிவிடும். தீ வைத்தால் அந்தப் பகடையைத் தொடவே இரண்டு உயிர் போகும். இரண்டும் கெட்ட எண்களோடு சேர்ந்து வந்தால் வெறுமனே அடிவாங்கத்தான் முடியும். தோற்றால் ஆயுதமெல்லாம் போய் முதல் தளத்திலிருந்து திரும்ப வர வேண்டும். சேர்த்துவைத்த பலம் என்று அடுத்த சுற்றுக்கு எதுவும் வராது. அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன், அலுப்பான நாளில் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். தமிழில் கிடையாது. வேடிக்கைப் பேச்சுகள் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே முழுசாகப் புரியும். ஆனால் ஆயுதக் கட்டங்களில் எண்ணும் படமும் தெளிவாக இருப்பதால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தொடங்கி வைத்தால் அம்மா அப்பாவும் ஆடலாம்.

2022இல் கைப்பேசிக்கும் வந்தது. புதிய அத்தியாயங்களும் அதே ஆண்டு இலவசமாகச் சேர்ந்தன. நான் கணினியிலேயே வாங்கச் சொல்வேன், பகடையை இழுத்துக் கட்டத்தில் வைக்கப் பெரிய திரை வசதி. வாங்கியதும் போர்வீரனின் முதல் பயணத்தை அவசரப்படாமல் ஆடுங்கள். கோடரி கிடைத்தால் விடாதீர்கள். ஒரு தளத்தை விட்டு இறங்கும் முன் ஆப்பிள் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.