ரத்தப் புற்றுநோய்த் தரவில் பைசீனிக்: எதுவரை நம்பலாம்?

டர்பனில் மரபணுத் தரவோடு மல்லுக்கட்டும் நம் பிள்ளைகள் சிலர் எந்தப் புரதம் எந்த மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது என்று ஊகிக்கும் பைசீனிக் மென்பொருள் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். ஏஎம்எல் என்ற தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் ஒற்றைச் செல் தரவில் (ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற கணக்கு) நன்றாகவே ஓட்டிப் பார்த்தாயிற்று. இலவசம்தான். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது வரைந்து தரும் அம்புக்குறியை நிரூபணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதன் வேர் 2010ல் வந்த ஜீனி3 என்ற முறை. அது என்ன செய்யும் என்றால், ஒவ்வொரு மரபணுவின் வெளிப்பாட்டையும் மற்ற காரணிகளின் (மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்களின்) மரபணு வெளிப்பாட்டு அளவை வைத்துக் கணித்துப் பார்க்கும். கணிப்புக்கு அதிகம் கைகொடுத்தது எதுவோ அதுதான் கட்டுப்படுத்துகிறது என்று கொள்ளும். இதில் சேர்ந்து ஏறி இறங்குவதெல்லாம் உறவாகிவிடுகிறது. 2017ல் வந்த சீனிக் (பைசீனிக் இதன் பைதான் வடிவம்) அதன்மேல் ஒரு வடிகட்டி வைத்தது: அந்தக் காரணி ஒட்டக்கூடிய எழுத்துக்கோவை அந்த மரபணுக்களின் அருகே உள்ள டிஎன்ஏவில் தூக்கலாக இருக்கிறதா என்று பார்த்து, ஆதாரம் இல்லாதவற்றைத் தள்ளிவிடும். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தாலும் இந்த ஒரு படிக்காகவே கொடுப்பேன். மோனோசைட் என்ற வெள்ளணு வகைச் செல்களில் எஸ்பிஐ1, சிவப்பணு வழியில் ஜிஏடிஏ1 என்று ஏற்கெனவே தெரிந்த காரணிகள் சரியான இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் மீதியையும் நம்பத் தோன்றும்.

அங்கேதான் கவனம் வேண்டும். 8ஆம், 21ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட ஏஎம்எல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரன்எக்ஸ்1 மரபணுவின் தலையும் ரன்எக்ஸ்1டி1 மரபணுவின் வாலும் ஒட்டி ஒரே புரதமாகிவிடும். டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி தலையில் இருக்கிறது, ஆனால் ஆர்என்ஏவின் வால் முனையை மட்டும் எண்ணும் ஆய்வகக் கிட் வைத்துத் தரவு எடுத்திருந்தால் அத்தனையும் ரன்எக்ஸ்1டி1 கணக்கில் ஏறிவிடும், அது தனியாக டிஎன்ஏவின் எழுத்துக்கோவையைப் பிடிப்பதில்லை, ஆகவே நோயை நடத்தும் முதல் ஆளே வடிகட்டியில் தள்ளப்பட்டுவிட வாய்ப்பு அதிகம். கருவிக்கு இது தெரியாது, நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், புற்றுச் செல்கள் நோயாளிக்கு நோயாளி வேறுபடும். எல்லாரையும் ஒன்றாகக் கொட்டி ஓட்டினால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமே வலைப்பின்னலாக வந்து நிற்கும். தனித்தனியாகவும் ஓட்டிப் பாருங்கள்.

நிறுவுவது தலைவலி. நம்பை என்ற பைதான் நூலகத்தின் 1.24ல் நீக்கப்பட்ட பழைய பெயர்களால் பைசீனிக் 0.12.1 பதிப்பு பாதியில் நின்றுவிடும், பேசாமல் டாக்கர் வடிவில் (தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) இறக்கிக்கொள்ளுங்கள். உறவுகளை ஊகிக்கும் முதல் படிதான் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் சேமிக்காது. லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தால் அந்தப் படி முதலிலிருந்துதான், முடிந்த படிகளின் கோப்புகள் மட்டும் தப்பும். வீட்டு லேப்டாப்பில் ஓட்டாமல், பல்கலைக்கழகம் மூலம் கேப் டவுனில் உள்ள சிஎச்பிசி என்ற அதிவேகக் கணினி மையத்தில் கணக்கு வாங்க முடிந்தால் அங்கே போடுங்கள். அங்கே என்றால் பல தடவை ஓட்டவும் முடியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை கொஞ்சம் மாறும், திரும்பத் திரும்ப வரும் இணைப்புகளை மட்டும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போங்கள்.