ஃபுட்லூஸ்: ஆட்டத்துக்காகப் போட்டேன், அப்பாவுக்காகப் பார்த்தேன்

எண்பதுகளில் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இருந்தால், 1984-இல் வந்த ‘ஃபுட்லூஸ்’ படத்தை மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நான் போட்டது நடனத்துக்காக. பார்த்தால், படத்திலேயே ரொம்பப் பழசாகிப் போனது அந்த நடனம்தான்.

கதை தெரியாதவர்களுக்கு: சிகாகோவில் வளர்ந்த ரென் அம்மாவோடு போமான்ட் என்ற சின்ன ஊருக்குக் குடிவருகிறான், அங்கே ஆடக் கூடாது என்று ஊர் மன்றமே சட்டம் போட்டிருக்கிறது. முழுக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஓக்லஹோமா மாநிலத்தில் எல்மோர் சிட்டி என்ற ஊரில் இப்படி ஒரு தடை இருந்தது, 1980-இல் பள்ளிப் பிள்ளைகள் அதை மாற்ற வைத்தார்கள், அந்தச் செய்தியிலிருந்துதான் டீன் பிட்ச்ஃபோர்ட் திரைக்கதை எழுதினார். நாமும் ரொம்பச் சிரிக்க முடியாது, நம்மூர் சிங்கப்பூரில் மதுக்கூடங்களின் பார் மேசைமேல் ஏறி ஆட அனுமதி வந்ததே 2003-இல்தான்!

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ரெனாக வரும் கெவின் பேக்கன் கோபத்தில் காலிக் கிடங்குக்குள் போய்த் தனியாக ஆடுவாரே, அந்த இடத்தை அன்று ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்து வீடியோ டேப்பில் கோடே விழுந்துவிட்டது. இன்றைய டிவியில் பார்த்தால் கம்பியில் சுழல்வது டூப் என்று பளிச்சென்று தெரிகிறது. என் மகள் "ஏம்மா இவருக்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டாள், பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இப்போதும் பிடித்தது ரெனின் நண்பன் வில்லார்ட் ஆடக் கற்றுக்கொள்ளும் பகுதி. வில்லார்டாக நடித்த கிறிஸ் பென்னுக்கு நிஜமாகவே ஆட வராதாம், அதையே காட்சியாக்கிவிட்டார்கள். டெனிஸ் வில்லியம்ஸ் பாட்டுக்கு அவர் தப்புத் தப்பாகக் காலை வைப்பதில் ஒரு உண்மை இருக்கிறது.

ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது, ஊர்ப் பாதிரியாராக வரும் ஜான் லித்கோ. அப்போது எங்களுக்கு அந்தப் பாதிரியார் வில்லன், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் மகனைப் பறிகொடுத்த ஒரு மனிதர். ஆடிவிட்டுக் காரில் திரும்பிய பிள்ளை பாலத்தில் விபத்தாகிச் செத்த துக்கத்தைத்தான் சட்டமாக்கி ஊர் தலையில் கட்டியிருக்கிறார். ஊர்க்காரர்கள் நூலகப் புத்தகங்களைக் கொளுத்தும்போது ஓடிவந்து தடுப்பதும் அவர்தான், தான் ஆரம்பித்து வைத்தது எங்கே வந்து நிற்கிறது என்று அங்கேதான் அவருக்கு உறைக்கிறது. அதிகம் பேசாமலே அவரை நேருக்கு நேர் பார்க்கும் மனைவியாக டயான் வீஸ்ட், அவருக்கு இன்னும் நாலு காட்சி கொடுத்திருக்கலாம்.

ஊர் மன்றத்தில் ரென் பைபிளைத் திறந்து தாவீது ஆடியதைப் படித்துக் காட்டியும் தோற்றுப்போகிறான். அப்புறம் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கும் மாவு ஆலையில் நடன விருந்தை வைக்கிறார்கள். இங்கே முடியாதா, ஜோகூர் பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போ என்கிற நம்மூர் மூளைதான்!

உறுத்தியதும் இருக்கிறது. பாதிரியாரின் மகள் ஏரியலைப் பழைய காதலன் அடித்து நொறுக்குகிறான், அப்பாவும் ஒரு அறை விடுகிறார், இரண்டையும் படம் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறது. அன்று நாங்கள் யாரும் அதைப் பேசியதாகவே நினைவில்லை.

2011-இல் மறுபடி எடுத்தார்கள். அதில் முன்னணி ஜோடி நிஜ நடனக்காரர்கள், ஆட்டம் எவ்வளவோ மேல். ஆனால் பாதிரியாராக டென்னிஸ் குவைட் எனக்கு ஒட்டவில்லை, ஆகவே பழசையே பாருங்கள், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் கூட உட்கார வையுங்கள். முதல் அரை மணி நேரம் ஃபோனை நோண்டும், பரவாயில்லை, முதலில் குதிப்பவன் தோற்றான் என்று இரண்டு டிராக்டர்கள் நேருக்கு நேர் வர, ஷூலேஸ் மாட்டிக்கொண்டு குதிக்க முடியாமலே ரென் ஜெயிக்கும் அந்தக் காட்சியில் நிமிர்ந்துவிடும்.