களக்காட்டுப் பக்கம் மூன்று நாள் தியானம்: 1,200 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பாதிக்குப் பாதி குறைதான் சொல்லப் போகிறேன், நடத்துகிறவர்களில் இரண்டு பேர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டிலிருந்து டோனாவூர் போகிற பக்கம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவில், மேற்கே மலை தெரிகிற ஒரு கிறிஸ்தவத் தியான இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏன் போனேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஜார்க்கண்டில் ஒரு மிஷனெரிப் பணித்தளத்தில் ஏழு வருஷம் நர்ஸாக இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் லீவு போட்டுவிட்டு வந்தேன், அந்த லீவு மூன்று வருஷமாக நீண்டு, இப்போது பாளையங்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். திரும்பப் போவதா வேண்டாமா என்று கேட்டுக் கேட்டு ஜெபித்தாகிவிட்டது. எந்த வசனத்தை எடுத்தாலும் எனக்கென்றே எழுதியது போலவும் இருக்கும், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லாதது போலவும் இருக்கும். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்போம், கடைசியில் அவர் மனைவி ஐயரம்மாதான், "மூணு நாள் போயி சும்மா உக்காந்துட்டு வா பிள்ளே" என்றார்கள். தூத்துக்குடியிலிருந்து தம்பி வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டான்.

புதுப் பஸ் ஸ்டாண்டில் களக்காடு பஸ், அங்கிருந்து ஆட்டோ. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 1,200 ரூபாய், ஒரு அறைக்கு இரண்டு பேர். அறை சுத்தம், மின்விசிறி ஓடுகிறது. பெண்கள் பக்கத்துக் குளியலறைகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, சணல் கயிறு கட்டியிருக்கிறார்கள், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே குளிக்க வேண்டும். சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் நாள் மதியம் சொதி, இரண்டாம் நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சாப்பிடும்போதும் பேசக்கூடாது என்பதால் இன்னொரு உருண்டை துவையல் வேண்டுமென்றால் விரலால் காட்ட வேண்டும், என் எதிரில் இருந்த ரிட்டயர்டு டீச்சர் இரண்டு விரல் காட்டினார்கள்.

போன உடனே போனை வாங்கி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அணைக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள். மறுநாள் காலை அமைதி நேரத்தில் முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறோம், அலமாரிக்குள்ளிருந்து டின் கடகடவென்று அதிர்கிறது. யாரும் அசையவில்லை, ஆனால் முப்பது பேரும் தன்னுடையதா என்று காது கொடுத்துக் கேட்கிறோம் என்பது தெரிகிறது. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் அது யாருக்கோ கேஸ் சிலிண்டர் வந்த அழைப்பு. திரும்பி வந்து உட்கார்ந்தபோது மனசில் முதலில் வந்தது நிம்மதி இல்லை. சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

செய்தி கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு ஐயர். பிற்பாடு பிஷப்பான அசரியாவின் கதையோடு ஆரம்பித்தார். அடடா, மிஷனெரி ஞாயிறு தவறாமல் கேட்கிற கதையாச்சே என்று நினைத்தேன். வெள்ளாளன்விளைக்காரர், 1902-ல் யாழ்ப்பாணம் போனார், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களே காசு சேர்த்து மிஷனெரி அனுப்புவதைப் பார்த்துக் குறுகிப்போனார், 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமானது, நம் வீட்டுப் பெண்கள் உலையில் போடுமுன் எடுத்து வைத்த கைப்பிடி அரிசியும் அதற்குப் போனது. எங்கள் அம்மா அரிசி எடுத்து வைத்த டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது, கடுகு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஐயர் அங்கே நிறுத்தவில்லை. அசரியாவே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகக் கிளம்பியது 1909-ல்தானே, நடுவில் ஆறு வருஷம் என்ன செய்தார் என்று கேட்டார். ஒய்எம்சிஏ செயலராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்களைப் போகச் சொன்னவனே போக வேண்டாமா என்ற கேள்வி அவருக்குள் ஊற அத்தனை வருஷம் ஆயிற்று, அந்த ஆறு வருஷத்தை யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் செய்தி, இருபது நிமிஷம்.

அன்று சாயங்காலம் தனி ஆலோசனை, ஆளுக்கு அரை மணி நேரம். இந்த இடத்தில் காசு கொடுக்கத் தகுந்தது இதுதான். நான் என் கதையை ஒப்பித்தேன். அவர் நடுவில் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், "ஏம்மா, கர்த்தர் போகச் சொல்லுதாருன்னு சொல்லுதியா, போனாத்தான் நிம்மதின்னு சொல்லுதியா?" என்றார். இரண்டும் ஒன்றுதானே ஐயா என்றேன். அவர் வேதத்தில் வருகிற யோனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கர்த்தர் நினிவேக்குப் போகச் சொன்னால் யோப்பாவில் கூலி கொடுத்துக் கப்பலேறித் தர்ஷீசுக்கு ஓடினவன். "தர்ஷீஸ் எப்பவும் தப்பான ஊராத்தான் இருக்கணும்னு இல்லை. பணித்தளமும் சில பேருக்குத் தர்ஷீஸ்தான்."

டின் அதிர்ந்தபோது மனசில் வந்தது இதுதான்: அப்பா போய்விட்டால் நான் போகலாம். அதை அந்த ஐயரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் அதிர்ச்சியாகவும் பார்க்கவில்லை, ஆறுதல் வசனமும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நேரம் முடிந்தது, அடுத்தவர் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு சாயங்காலத்துக்குப் பிறகு ராத்திரி அவர்கள் செய்ததுதான் எனக்கு ஆற்றாமை. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார், கீபோர்டு, இரண்டு பெரிய ஸ்பீக்கர். நாள் முழுக்க மௌனம் காத்துவிட்டு இதைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்தது. வடக்கே போகிறவர்கள் இப்போதே கை தூக்குங்கள் என்றார், தூக்கினவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்தார்கள். எல்லாருக்கும் அட்டை ஒன்று: முழுநேர ஊழியம், குறுகிய கால ஊழியம், ஜெபத்தால் தாங்குவேன், காணிக்கையால் தாங்குவேன், நான்கு கட்டம், கீழே போன் நம்பர். அப்பாவுக்கு மலம் அள்ளுகிறவளுக்கு அதில் கட்டம் இல்லை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். அட்டையை அப்படியே மடித்து வேதத்துக்குள் வைத்துக்கொண்டேன். ஆனாலும் பதிவு நோட்டில் நம்பர் இருந்ததால் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள், மூன்று வாரத்தில் கூகுள் பே நம்பரோடு காணிக்கைச் செய்தி வந்துவிட்டது.

கடைசி நாள் காலை டோனாவூருக்கு வேனில் கூட்டிப் போனார்கள். அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அடக்கம் செய்த இடத்தில் பெயர் பொறித்த கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது. 1931-ல் விழுந்து கால் ஒடிந்தவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறையிலேயே கிடந்தார், அங்கிருந்தே எழுதினார் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு நர்ஸ் புத்தி. இருபது வருஷம் இவரைத் திருப்பிப் படுக்க வைத்தது யார், முதுகில் புண் வராமல் பவுடர் போட்டது யார், விரிப்பு மாற்றினது எந்தப் பெண் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். அவர்களும் ஊழியத்துக்கென்று அழைக்கப்பட்டு அங்கே வந்தவர்கள்தானே, கர்த்தர் எத்தனை பேரை அழைத்து இந்த அறைக்குள் விட்டாரோ. வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார், கால் மணி நேரம்தான் கொடுத்தார்கள், இது பெரிய குறை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி, "அப்பா ரெண்டு நாளா உன்னையத்தான் தேடுதாவ" என்றான். அப்பாவுக்குப் பேச்சு வராது, இடது கை கட்டிலைத் தட்டும், அதைத்தான் சொல்கிறான். பணித்தளத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன், இப்போதைக்கு வரவில்லை என்று. இந்த "இப்போதைக்கு" என்ற வார்த்தையை மூன்று தடவை அடித்து, மூன்று தடவை எழுதி, கடைசியில் இருக்கட்டும் என்று விட்டேன்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம், வாழைத்தோட்டத்துப் பாதை சேறாகிவிடும், ரத்தம் உறிஞ்சுகிற அட்டைப்பூச்சி இருக்கிறதாம். தலையணை உறை கொண்டுபோங்கள். ஐயர் இருக்கிறாரா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் மறுபடி போவேனா என்றால் போவேன், இரண்டாம் நாள் ராத்திரி மட்டும் தலைவலி என்று சொல்லி அறையில் படுத்துக்கொள்வேன்.