குடியை நிறுத்த எங்கே போவது? அரசு மருத்துவமனை, மறுவாழ்வு மையம், ஏஏ கூட்டம்

என் அத்தானின் குடியை நிறுத்துவதற்காக எங்கள் குடும்பம் அலையாத இடமில்லை. தமிழ்நாட்டில் வழிகள் முக்கியமாக மூன்று: அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மறுவாழ்வு மையம், ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு என்பதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

முதல் வாரத்துக்கு அரசு மருத்துவமனைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அதையடுத்து கை நடுக்கமும் வியர்வையும் கூடி, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. டயஸிபாம் மாதிரியான மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துக் கவனிக்க டாக்டர் இருக்கும் இடத்தில் இதைச் சமாளித்துவிடலாம். வீட்டில் அறையைப் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். அரசு மருத்துவமனையில் செலவும் அநேகமாகக் கிடையாது. ஆனால் ஓபி வரிசை நீளம். டாக்டர் உட்கார்ந்து பேச நேரமில்லை. கூடவே பெயர் பயம். கீழ்ப்பாக்கம் என்றதுமே அக்காவின் மாமியார், “என் பிள்ளை என்ன பைத்தியமா?” என்று அழுதுவிட்டார்.

மறுவாழ்வு மையங்களுக்குள் இருக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனை ஒரு நல்ல முன்மாதிரி. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். அங்கே நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. இன்னொரு கோடியில், வாடகை வீட்டுக்கு கிரில் கதவு போட்டு நடத்தும் இடங்கள். நாங்கள் விசாரித்த ஓர் இடத்தில், “நாங்களே வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம், முதல் மாசம் நீங்க பார்க்க முடியாது” என்றார்கள். அப்படியே திரும்பிவிட்டோம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி குடிநோயாளிகளை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எப்போது வருவார், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்றும் கேளுங்கள். மழுப்பினால் சேர்க்காதீர்கள்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளையும் சொல்லியாக வேண்டும். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை அப்படிக் கலந்து, அவர் அதன் மேல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம்.

ஏஏ 1935-இல் அமெரிக்காவில் பிறந்தது. கட்டணம் இல்லை, முழுப் பெயர்கூடக் கேட்பதில்லை. குடித்தவர்களே உட்கார்ந்து பேசுகிறார்கள். பாட்டிலை வாட்டர் டேங்குக்குள் ஒளித்து வைத்த கதையை ஒரு பெரியவர் சொன்னபோது அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை எந்த அறிவுரைக்கும் அவர் அப்படி நிமிர்ந்ததில்லை. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து மாதக்கணக்கில் குடிக்காமல் இருக்க இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் அங்கே மருந்து கிடையாது, முதல் வாரத்துக்கு அது உதவாது. நாங்கள் போன கூட்டத்தில் எல்லாரும் ஆண்கள். குடிக்கும் பெண் ஒருவர் அங்கே வந்து பேசுவது லேசில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அக்கா அதற்குப் போக ஆரம்பித்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆக, முதலில் மருத்துவமனை, அப்புறம் ஏஏ. வீட்டில் இருந்தால் நிற்காது என்கிற நிலையில் மட்டும் பதிவு பெற்ற மையம்.

தினக்கூலிக்காரருக்கு இந்தக் கணக்கும் இடிக்கும். ஒரு மாதம் உள்ளே இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. டிடிகே குழு திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் நடத்தியது போல, ஊர்க்காரர்கள் உதவியோடு ஊரிலேயே போடும் சிகிச்சை முகாம்தான் அவருக்குச் சரிப்படும். டாஸ்மாக் இருக்கும் ஊரிலெல்லாம் அப்படி ஒரு முகாம் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416.