அமெரிக்க விடுதலைப் போர்ப் பாடம் நடத்த எந்த இணையதளம்? குமரி மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு மதிப்பீடு

ஒன்பதாம் வகுப்பின் ‘புரட்சிகளின் காலம்’ பாடத்தில் அமெரிக்க விடுதலைப் போருக்குக் கிடைப்பது சில பீரியடுகள்தான். அமெரிக்காவில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்துபவர்கள் பயன்படுத்தும் இலவசத் தளங்களில் சில, நாகர்கோவிலில் ஸ்மார்ட் போர்டு உள்ள பள்ளிக்கும் பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும் பள்ளிக்கும் ஒருபோல உதவும். எல்லாமே அல்ல.

முதலிடம் டிஜிட்டல் இன்குயரி குரூப் தளத்துக்கு. ஸ்டான்ஃபோர்டு ஹிஸ்டரி எஜுகேஷன் குரூப் என்று முன்பு இருந்ததும் இதுதான். பதிவு செய்துகொண்டு, போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் சண்டை பற்றிய பாடத்தை எடுங்கள். 1775 ஏப்ரல் 19 அன்று முதலில் சுட்டது பிரிட்டிஷ் சிப்பாய்களா, அமெரிக்கக் குடியேற்றக்காரரா என்பதே கேள்வி. நாங்கள் முதுகு காட்டிக் கலைந்து போகும்போதே சுட்டார்கள் என்று குடிப்படையினர் (குடியேற்றக்காரரே சேர்ந்து அமைத்த படையினர்) 34 பேர் ஆறு நாள் கழித்துச் சத்தியம் செய்து சொல்கிறார்கள். நாங்கள் கிட்டே போனதும் அவர்கள்தான் ஓரிரு குண்டு சுட்டார்கள் என்கிறது ஒரு பிரிட்டிஷ் லெப்டினன்டின் நாட்குறிப்பு. குடியேற்றக்காரர் எட்டுப் பேர் செத்த சம்பவத்துக்கு இரண்டு சாட்சி, இரண்டும் ஒத்துப்போகவில்லை.

இரண்டு தாளையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் வித்தியாசத்தைப் பட்டியல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். வாக்குமூலத்தை முதலில் கொடுங்கள், தீர்ப்பு கேளுங்கள், பிறகு நாட்குறிப்பைக் கொடுங்கள். சொன்ன தீர்ப்பை மாற்ற வேண்டி வரும்போதுதான் வாக்குவாதம் கிளம்பும். வாக்குமூலம் இங்கிலாந்து மக்களிடம் நியாயம் கேட்க அனுப்பப்பட்டது, நாட்குறிப்பு தனக்காக எழுதியது என்ற வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்லும்வரை பொறுங்கள். எளிமைப்படுத்திய ஆங்கிலமும் நம் பிள்ளைகளுக்குக் கடினம். ஒவ்வொன்றையும் ஐந்தாறு வரித் தமிழில் எழுதி நகலெடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு தாள், 40 பேருக்கு 20 போதும்.

அடுத்தது அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட பாஸ்டன் படுகொலையைக் காட்டும், அந்நகரத்துக் கைவினைஞர் பால் ரெவியரின் செதுக்கோவியம் அங்கே இருக்கிறது. வரிசையாக நின்று சுடும் சிப்பாய்கள், பின்னால் வாளை உயர்த்தி ஆணையிடும் கேப்டன், அவர்கள் தலைக்கு மேல் ‘புட்சர்ஸ் ஹால்’ (கசாப்புக்காரர் கூடம்) என்று ஒரு போர்டு. நடந்ததோ இரவில், பனிக்கட்டி எறிந்த கூட்டத்துக்கும் சிப்பாய்களுக்கும் இடையிலான குழப்பம். ஐந்து பேர் இறந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ‘பார், யோசி, கேள்’ என்ற மூன்று கட்டத்தில் எழுதும் தாளும் அதே தளத்தில் உண்டு, முதல் ஐந்து நிமிடம் பார்த்ததை மட்டும் எழுதட்டும். டவுன்லோட் செய்யும்போது சின்னப் படத்தை எடுத்தால் போர்டின் எழுத்து தெரியாது, டிஃப் கோப்போ மிகப் பெரியது. உள்ளதில் பெரிய ஜேபெக் சரியாக இருக்கும்.

அமெரிக்க அரசின் ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்க்கைவ்ஸின் டாக்ஸ்டீச் அழகான தளம். படத்தின் ஒரு பகுதியில் மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டும் வசதி ஸ்மார்ட் போர்டில் அருமை. ஆனால் அங்கிருப்பது பெரும்பாலும் கூட்டாட்சி அரசின் ஆவணங்கள் என்பதால், போருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. ஐசிவிக்ஸ் தளத்தின் விளையாட்டுகள் அமெரிக்கக் குடிமையியலுக்கானவை, இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை. யூடியூபில் வரும் கிராஷ் கோர்ஸ் பாட வீடியோவின் வேகத்துக்கு நம் பிள்ளைகளால் ஈடுகொடுக்க முடியாது, 0.75 வேகத்தில் வைத்தாலும் ஆசிரியர் பார்த்துத் தயாராவதற்குத்தான் சரி.

அமெரிக்கப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த தளங்கள் இவை. நம் பிள்ளைகளுக்கான இணைப்பை ஆசிரியர்தான் போட வேண்டும். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை, நாம் படிக்கும் அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி காரன்வாலிஸ்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். அவரது நிரந்தர நிலவரித் திட்டத்தைப் படிக்கும்போது யார்க்டவுனை ஒருமுறை நினைவூட்டுங்கள்.

நமக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு, கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். படங்களை முந்தின நாளே பென்டிரைவில் ஏற்றி, செதுக்கோவியத்தை ஏ3 தாளில் ஒரு பிரின்ட்டும் எடுத்து வையுங்கள்.